வாசகன் கேட்ட கேள்வி

யந்திரங்களைப் பற்றியும், அவற்றால் மனிதனுடைய வாழ்க்கைமுறை அடையும் மாறுதல்களைப் பற்றியும் எழுதப்படும் எழுத்துக்கு, கவிதைக்குப் போதுமான சாந்த சுபாவமுள்ள வாசகன் போதமாட்டான் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். கவிதையைப் படிப்பவன் அதில் தோய்ந்து மௌனமாக இருந்துவிடலாம். அவனுடைய மௌனத்தால் கவிதைக்கு ஒரு குறையும் நேர்வதில்லை. ஆனால் ரயிலைப் பற்றியோ, அச்சு யந்திரத்தைப் பற்றியோ, இன்று நம் சட்டைப்பைக்குள் குடியேறிவிட்ட கைபேசியைப் பற்றியோ ஒருவர் எழுதும்போது, அதைப் படிப்பவன் அந்த யந்திரத்தோடு தானும் தினந்தோறும் பழகுகிறவன். எழுதுகிறவர் அறியாத அனுகூலம் ஒன்றையோ உபத்திரவம் ஒன்றையோ தன் கையாலேயே அறிந்தவன். ஆகையால் அவன் இடைமறித்து ஒரு வார்த்தை கேட்கும்வரையில் அந்த எழுத்துப் பாதியிலேயே நிற்கிறது. இதை நன்றாக உணர்ந்து, வாசகனுக்கென்று நூலுக்குள்ளேயே ஓர் ஆசனம் போட்டு, அவனைத் தாராளமாகக் கேள்வி கேட்க விட்டு எழுதப்பட்ட புத்தகம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை அரசியல் நூல் என்று ஒரு கூட்டத்தாரும், ஆன்மிக நூல் என்று மற்றொரு கூட்டத்தாரும் பகுத்து வைத்துவிட்டதனால், யந்திர நாகரிகத்தைப் பற்றி ஒரு பத்திரிகாசிரியரும் ஒரு வாசகனும் சரிக்குச் சரியாக வாதாடும் நூல் அது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

1909-ம் வருஷம் நவம்பர் மாதம் 13-ம் தேதி, லண்டனில் தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காகத் தூது பேசிப் பயனொன்றும் காணாமல் 'கில்டோனன் காஸில்' என்ற கப்பலில் திரும்பிய காந்தி, கப்பல் கம்பெனியாரின் கடிதத் தாள்களையே எடுத்து வைத்துக்கொண்டு குஜராத்தியில் 'ஹிந்த் ஸ்வராஜ்' என்ற அந்த நூலை எழுதத் தொடங்கினார். 22-ம் தேதிக்குள் 275 பக்கங்களை எழுதி முடித்துவிட்டார். வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார். அவ்விதம் எழுதிய பக்கங்கள் மட்டும் சுமார் 40. அதே பிரயாணத்தில் டால்ஸ்டாய் ஒரு ஹிந்துவுக்கு எழுதிய கடிதத்தையும் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். இவ்வளவு வேகத்தில், கட்டுக்கடங்காமல் பெருகிவந்த சிந்தனையைக் கொட்டித் தீர்க்கும் ஒரு மனிதர், பிரசங்கமாக எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். அவரோ 20 அத்தியாயங்களையும் சம்பாஷணையாக அமைத்தார். ஒரு பக்கம் 'ஆசிரியர்'; மறுபக்கம் 'வாசகர்'. பேச்சைத் தொடங்கி வைக்கிறவர் வாசகரே. அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் இரண்டு இதழ்களில் அதை வெளியிட்ட பத்திரிகை, காந்தியின் பொறுப்பில் நடந்துவந்த 'இந்தியன் ஒபீனியன்'. ஆகவே ஆசிரியர் என்பது வெறும் பாத்திரமன்று. வாசகர் என்பதும் முழுக்கக் கற்பனையன்று. இந்த உரையாடல் சில நண்பர்களுடன், பெரும்பாலும் இந்தியன் ஒபீனியன் வாசகர்களுடன், மெய்யாகவே நடந்தது என்று ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில் அவரே குறித்திருக்கிறார்.

அந்த வாசகருடைய குரல் எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்க முடியும். காந்தி அந்த ஆண்டு ஜூலை 10-ம் தேதி லண்டன் போய்ச் சேருவதற்குச் சில நாள் முன்புதான், 1-ம் தேதி இரவு, மதன்லால் திங்க்ரா என்ற இந்திய மாணவர் ஆங்கிலேய அதிகாரி கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றிருந்தார். லண்டனில் இந்திய மாணவர்களின் விடுதியான இந்தியா ஹவுஸைச் சேர்ந்த வாலிபர்களுடைய உள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 24-ம் தேதி அவர்கள் நடத்திய விஜயதசமி விருந்துக்குக் காந்தி தலைமை வகித்தார், சாவர்க்கர் பேசினார், நம்முடைய வ.வே.சு. ஐயரும் டி.எஸ்.எஸ். ராஜனும் அந்த வட்டத்தில் இருந்தவர்கள். ஆயுதத்தால் ஆங்கிலேயனை விரட்டிவிட்டு, அவனுடைய ராணுவத்தையும் ரயிலையும் ஆலைகளையும் நாமே வைத்துக்கொள்வோம் என்று நம்பிய அந்தப் படித்த இளைஞர்களின் வாதங்கள்தாம் நூலில் வாசகரின் வாயிலாக வருகின்றன. காந்தி அவர்களைப் பரிகசிக்கவில்லை. அவர்களுடைய வாதத்தை மெலிவாக்கித் தாம் சுலபமாக ஜெயிக்கவும் பார்க்கவில்லை. எதிராளியின் கட்சியை அவனே மெச்சும்படி எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகே தம் மறுப்பைத் தொடங்கும் நம்முடைய பழைய தர்க்க சம்பிரதாயம் ஒன்று உண்டல்லவா, பூர்வபட்சம் என்று சொல்வார்களே, அந்த நேர்மை இந்தச் சிறு நூலில் பல இடங்களில் விளங்குகிறது.

ரயிலைப் பற்றிய விவாதத்தைப் பார்த்தாலே இது தெரியும். ரயில் கொள்ளைநோயைப் பரப்பியது, தானியத்தை விலை அதிகமுள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ப் பஞ்சத்தைப் பெருக்கியது, ஆங்கிலேயனுடைய பிடியை இறுக்கியது என்று ஆசிரியர் அடுக்குகிறார். வாசகர் உடனே ஒப்புக்கொண்டு தலையாட்டிவிடுவதில்லை. கெட்டவர்கள் ரயிலில் ஏறி வேகமாகத் தங்கள் காரியத்தைச் சாதிக்கிறார்களென்றால், நல்லவர்களும் அதே ரயிலில் ஏறக் கூடாதா என்று கேட்கிறார். ரயில் வந்த பிறகுதானே நம்மவர்களுக்கு ஒரே தேசம் என்ற எண்ணம் வலுத்தது என்றும் கேட்கிறார். முதல் கேள்விக்கு, நன்மை என்பது நத்தையின் நடையில்தான் போகும் என்ற கருத்தில் ஆசிரியர் விடையளிக்கிறார். இரண்டாவதற்கு, ராமேசுவரத்தையும் ஜகந்நாதத்தையும் ஹரித்துவாரத்தையும் யாத்திரை ஸ்தலங்களாக வைத்து, கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஒருவர் பாஷையை ஒருவர் கற்றுக்கொண்டு சஞ்சரித்த நம் முன்னோர்களைக் காட்டுகிறார். இரண்டாவது விடை என் மனத்துக்கு மிகவும் உவப்பானது. முதல் விடையை நான் ஒப்பவில்லை. நன்மைக்கு வேகம் ஆகாது என்றால், காலரா கண்ட கிராமத்துக்கு மருந்து கொண்டுபோகிறவன் எந்த வண்டியில் ஏறுவது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அப்படி எஞ்சி நிற்கும்படி விட்டிருப்பதுதான் இந்த உருவத்தின் பெருமை. பிரசங்கத்தைக் கேட்டவன் எழுந்து போய்விடுகிறான்; சம்பாஷணையைப் படித்தவனோ, வாசகர் கேட்க மறந்த கேள்வியைத் தானே கேட்கத் துணிகிறான்.

யந்திரத்தைப் பற்றிய 19-வது அத்தியாயம் மிகச் சிறியது. ஆனால் நூலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. பம்பாயில் ஆலைகள் பெருகுவதைவிட மான்செஸ்டருக்கே பணத்தை அனுப்பி அதன் துணியை உடுத்துவது மேல். பணம் மட்டுமே போகும், ஆலை இங்கே வந்தாலோ நம் ரத்தமும் ஒழுக்கமும் சேர்ந்து போகும் என்று ஆசிரியர் வாதிக்கிறார். இருக்கிற ஆலைகளை மூடிவிடுவதா என்று வாசகர் கேட்கும்போது, அது கஷ்டம் என்று ஒப்புக்கொண்டு, ஆலைக்காரர்களை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை, மேலும் பெருக்காமல் இருந்தால் போதும் என்று இறங்கி வருகிறார். தீக்குச்சி, குண்டூசி, கண்ணாடி விளக்கு, டிராம் வண்டி, மின்சாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வாசகர் நெருக்குகிறார். கடைசியில் ஒரு கேள்வி வருகிறது: நீங்கள் இப்போது சொல்வதெல்லாம் யந்திரத்தினால்தானே அச்சாகப் போகிறது, அது யந்திரத்துக்கு நன்மையா, தீமையா என்று.

யந்திரத்தை நிந்தித்து எழுதும் மனிதர், அந்த எழுத்தை ஊரூராய்ச் சேர்ப்பிக்க யந்திரத்தையே நம்பியிருக்கிறார் என்பதை உலகத்தார் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால், தம்முடைய நூலுக்குள்ளேயே, தம் வாசகரின் வாயாலேயே அவர் சொல்லவைத்துவிட்டார். விஷத்தை விஷத்தாலேயே முறிப்பதுண்டு, இதுவும் அப்படித்தான் என்பது ஆசிரியர் தரும் சமாதானத்தின் சாரம். இந்தச் சமாதானம் பூரணமானதன்று. ஆனால் கேள்வியை மறைக்காமல் அச்சிட்டது பூரணமான காரியம். இன்று கைபேசியின் கேடுகளைக் கைபேசியிலேயே எழுதி, கைபேசியிலேயே படித்துக் கவலைப்படுகிற நாம், இந்த ஒரு கேள்வியை நூறாண்டுக்கு மேலாக வேறு வேறு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படி ஒரு வாசகரைப் படைக்க ஒருவருக்கு எங்கிருந்து மனம் வந்தது என்று யோசித்தால், அந்தப் பத்திரிகை நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1903-ம் வருஷம் ஜூன் மாதம் 4-ம் தேதி டர்பனில் பிறந்த இந்தியன் ஒபீனியன் ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்ற நான்கு பாஷைகளில் வந்தது. மறு ஆண்டு, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் இருபத்துநான்கு மணி நேர ரயில் பிரயாணத்தில், போலக் என்ற நண்பர் கொடுத்த ரஸ்கினுடைய ஒரு சிறு நூலைப் படித்த காந்தி, அன்றிரவு தூக்கம் கொள்ளாமல், அந்த நூல் சொன்னபடியே வாழ்ந்துவிடுவது என்று நிச்சயித்துக்கொண்டார். 1,000 பவுனுக்கு 100 ஏக்கர் நிலம் வாங்கி, டர்பனிலிருந்து 14 மைல் தூரத்தில் ஃபீனிக்ஸ் என்ற இடத்துக்கு அச்சகத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். புத்தகத்தைப் படித்தவன் அதன்படி நடந்தே தீர வேண்டும் என்று இவ்வளவு அவசரப்பட்ட வாசகரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஃபீனிக்ஸில் முதல் இதழ் அச்சான இரவைக் காந்தி தம் சுயசரிதையில் விஸ்தாரமாகவே வர்ணித்திருக்கிறார். அச்சு யந்திரத்தை ஓட்ட எண்ணெய் எஞ்சின் ஒன்று இருந்தது. காட்டுப் புறத்தில் அது மக்கர் செய்தால் என்ன செய்வது என்று முன்யோசனையாக, கையால் சுற்றும் பெரிய சக்கரம் ஒன்றையும் அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தினசரிப் பத்திரிகையின் அளவில் இருந்த தாளையும் ஃபூல்ஸ்காப் அளவுக்குச் சுருக்கியாயிற்று. நெருக்கடி நேர்ந்தால் காலால் மிதித்து ஓட்டும் சிறு அச்சிலேயே அடித்துவிடலாம் என்பது கணக்கு. அவர் பயந்தபடியே எஞ்சின் அன்று ஓடவில்லை. வரவழைத்திருந்த எஞ்சினியர் தம்மால் ஆனதெல்லாம் செய்து பார்த்துவிட்டார். மேற்பார்வையாளரான வெஸ்ட் கண்ணில் நீர் ததும்ப வந்து, இதழ் நேரத்துக்கு வெளிவராது என்றார். சக்கரத்தைச் சுற்ற நான்கு பேர் வேண்டும். முறை மாற்ற மேலும் ஆட்கள் வேண்டும். கட்டட வேலைக்கு வந்த தச்சர்கள் அச்சகத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பினார்கள், அவர்களும் முகம் கோணாமல் எழுந்து வந்தார்கள். வெஸ்ட் கிறிஸ்தவ கீதம் ஒன்றைப் பாடிக்கொண்டே சக்கரம் சுற்ற, காந்தியும் மற்றவர்களும் மாறி மாறிக் கைகொடுக்க, காலை ஏழு மணி வரையில் வேலை நடந்தது. வேலை இன்னும் மிகுந்திருந்த அந்த வேளையில், எஞ்சினியர் மறுபடி முயன்று பார்த்தபோது எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னால் ஒரு காலத்தில் எஞ்சினையே வேண்டுமென்று விட்டுவிட்டுக் கைபலத்தால் மட்டும் அச்சடித்தார்கள் என்றும், ஃபீனிக்ஸின் தார்மிக உயர்ச்சிக்கு அந்த நாட்களே சிகரம் என்றும் அவர் எழுதுகிறார். அச்சு யந்திரத்தைப் பற்றிய அந்தக் கேள்வி, கப்பலில் உட்கார்ந்து கற்பித்துக்கொண்டதன்று. ஐந்து வருஷங்களுக்கு முன்பே அவருடைய உள்ளங்கையில் காய்த்திருந்த கேள்வி.

இந்த விதமாக வெளிவந்த தாளை வாசகர்கள் எப்படிப் படித்தார்கள்? தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக சரித்திரத்தில் இதற்கு விடை இருக்கிறது. உச்சமாக 3,500 சந்தாதாரர்களே இருந்தார்கள். ஆனால் தனியாகச் சந்தா கட்ட வகையில்லாதவர்கள் சிலர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கினார்கள். பத்திரிகை வந்தவுடன் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அதைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரையில் படித்து முடிப்பதையே வந்த அன்று முதல் வேலையாகக் கொண்டவர்கள் பலர். காந்திக்கு மலை மலையாகக் கடிதங்கள் வந்தன. நட்புடன் எழுதியவையும் உண்டு, கடுமையாகக் கண்டித்தவையும் உண்டு. அத்தனையையும் படித்து, வேண்டியவற்றுக்குப் பதில் எழுதுவதைத் தமக்கு வாய்த்த சிறந்த கல்வியாக அவர் கருதினார். ரஸ்கினுடைய நூலின் சாரத்தை 1908-ல் 'சர்வோதயம்' என்று தொடராகக் கொடுத்தபோதும், தோரோவையும் ஸாக்ரதரையும் குஜராத்தியில் சுருக்கித் தந்தபோதும், ஒரு முறை புரட்டிவிட்டுப் போடும் வாசகனை அவர் மனத்தில் கொள்ளவில்லை. தென்னாப்பிரிக்காவிலேயே இருந்து இந்தப் பத்திரிகையை ஆராய்ந்த இஸபெல் ஹோஃப்மெயர், காந்தி கட்டுரைகளை நிதானமாகவும் திரும்பத் திரும்பவும் படிக்கும் ஒரு வழக்கத்தையே வாசகரிடம் வளர்க்க முயன்றார் என்று 2013-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். யந்திர வேகத்தை எதிர்ப்பதற்கு முதல் பயிற்சியே மெதுவாகப் படிப்பதுதான் என்ற அவருடைய கணிப்பு எனக்கு முற்றிலும் சரியாகப் படுகிறது. தங்கள் போராட்டத்துக்குப் பெயர் தேட வேண்டியிருந்தபோதும் காந்தி ஒரு பரிசை அறிவித்து வாசகரையே கேட்டார். மகன்லால் காந்தி அனுப்பிய ஒரு சொல்லைச் சிறிது திருத்தியே 'சத்தியாக்கிரகம்' என்று வைத்தார்கள். 1912-ல் விளம்பரங்களையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுடைய காசிலேயே பெரும்பாலும் நின்றது.

இங்கே தமிழனாக ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பகுதியும் ஹிந்திப் பகுதியும் தகுந்த ஆசிரியர்கள் கிடைக்காமல் 1906-ல் நின்றுபோயின. கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஜனங்கள், யந்திர நாகரிகத்தின் அடிமட்டத்தைத் தங்கள் முதுகில் தாங்கியவர்கள். 1913-ல் சிறைக்கு வரிசையாகப் போனவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்பதைக் காந்தியே உருகி உருகிச் சொல்லியிருக்கிறார். யந்திரத்தைப் பற்றிய சம்பாஷணை 1909-ல் அச்சானபோது, அதைத் தமிழில் படித்துவிட்டு ஒரு சுரங்கக் கூலி எழுதியிருக்கக்கூடிய கடிதம் எழுதப்படாமலே போயிற்று. லண்டன் வாலிபர்களின் ஆட்சேபங்கள் நூலில் இருக்கின்றன. நேட்டால் தமிழனுடைய ஆட்சேபம் இல்லை. அது இருந்திருந்தால் 19-வது அத்தியாயம் இவ்வளவு சிறியதாக இருந்திருக்காது.

நூல் வெளியான பிறகு அதற்கு வாய்த்த உண்மையான வாசகர்களோ, நூலுக்குள் இருந்த வாசகரைக் காட்டிலும் பிடிவாதக்காரர்கள். பம்பாய் சர்க்கார் 1910 மார்ச்சில் குஜராத்திப் பதிப்பைத் தடை செய்தது. பயந்து படித்தவர்களும் கூர்ந்துதான் படித்திருக்கிறார்கள் என்று அதை ஏற்றுக்கொள்ளலாம். காந்தி தம் குருவாகப் போற்றிய கோகலே 1912-ல் தென்னாப்பிரிக்கா வந்தபோது இதைப் படித்துவிட்டு, முதிராத, அவசரச் சிந்தனை என்று முகத்துக்கு நேரே சொல்லி, இந்தியாவில் ஒரு வருஷம் இருந்தால் நீங்களே இதை அழித்துவிடுவீர்கள் என்று ஜோசியமும் கூறினார். ஜோசியம் பலிக்கவில்லை. 1921-ல், இந்நூலில் ஒரே ஒரு சொல்லைத் தவிர எதையும் விலக்கிக்கொள்ளத் தேவையில்லை என்று காந்தி எழுதினார். அந்தச் சொல், ஆங்கிலப் பார்லிமெண்டை அவர் வேசிக்கு ஒப்பிட்டது. ஒரு பெண்மணி ஆட்சேபித்ததனால் அதை விலக்கச் சம்மதித்தார். ஏகாதிபத்தியத்தின் தடையும் கோகலேயின் கண்டனமும் அசைக்க முடியாத நூலை, ஒரு வாசகியின் மனவருத்தம் அசைத்தது. அவள் சொன்னது நியாயம். அந்த உவமை பெண்களின் துயரத்தைக் கேவலப்படுத்துவதாகவே இன்றும் படுகிறது.

ஸோஃபியா வாடியா நடத்திய 'ஆரியன் பாத்' என்ற பத்திரிகை 1938 செப்டம்பரில் இந்த நூலுக்கென்றே ஒரு சிறப்பிதழை வெளியிட்டது. ரசாயனத்துக்காக நோபல் பரிசு பெற்ற ஃபிரடெரிக் ஸாடி, பொருளாதார அறிஞர் ஜி.டி.ஹெச். கோல், விமர்சகர் மிடில்டன் மர்ரி முதலியவர்கள் எழுதினார்கள். மர்ரி மதிப்புடன் எழுதினார். ஆயினும் காந்தி அன்பு பாராட்டும் ராட்டையும் ஒரு யந்திரமே அல்லவா, அதுவும் இயற்கையானதன்று அல்லவா என்று கேட்டுவிட்டார். மகாதேவ தேசாய் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் இதற்கு விடை சொல்லும்போது, அதே கேள்வியைப் பதினான்கு வருஷங்களுக்கு முன்பே ஓர் இளைஞன் காந்தியிடம் நேரில் கேட்டிருந்ததை எடுத்துக்காட்டினார்.

அந்த இளைஞர் ஜி. ராமச்சந்திரன். நெய்யாற்றின்கரையில் பிறந்து, சாந்திநிகேதனத்தில் படித்துக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்கு வயது இருபது. 1924-ல் இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் முடித்து டில்லியில் காந்தி தேறிவந்த சமயம், காந்தியின் நண்பர் ஆண்ட்ரூஸ் அவரை அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினார். எல்லா யந்திரங்களுக்குமே நீங்கள் விரோதியா என்பது முதல் கேள்வி. இந்தச் சரீரமே மிக நுட்பமான யந்திரமாயிருக்க நான் எப்படி விரோதியாக இருப்பேன், ராட்டையும் யந்திரம், பல்குத்தும் குச்சியும் யந்திரம், என் விரோதமெல்லாம் உழைப்பைக் குறைக்கிறோம் என்று ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவில் பட்டினி போடும் யந்திர மோகத்தோடுதான் என்ற தோரணையில் விடை வந்தது. அப்படியானால் யந்திரத்தை அல்ல, அதன் துஷ்பிரயோகத்தைத்தான் எதிர்க்கிறீர்களா என்று அவர் அடுத்த அடி வைத்தார். ஆமென்று சொல்லிவிட்டு, விஞ்ஞானம் பேராசைக்குக் கருவியாயிருப்பது முதலில் ஒழிய வேண்டும் என்றார் காந்தி. சிங்கர் தையல் யந்திரத்தை விலக்காகவும் காட்டினார்: மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் காணப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று. ராமச்சந்திரன் விடவில்லை. சிங்கர் யந்திரத்தைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அங்கே பெரிய யந்திரங்கள் ஓடுமே என்றார். ஓடும்தான், ஆனால் அப்படிப்பட்ட தொழிற்சாலை சர்க்காருடையதாகவோ சர்க்காரின் கட்டுப்பாட்டில் உள்ளதாகவோ இருக்க வேண்டும், உழைப்பவர்களுக்கு அங்கே சிறந்த சௌகரியங்கள் இருக்க வேண்டும், லாபத்துக்காக அல்லாமல் ஜனங்களின் நன்மைக்காக அது நடக்க வேண்டும் என்பது பதில்.

இந்த மூன்று கேள்விகளும் வந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் முன்வந்த விடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறது. பணிவுக்கு ஒரு குறையுமில்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை. 1909-ல் எழுதிய நூலை இருபதாம் வயதில் இவ்வாறு படித்து நெருக்கியவர், 1947-ல் டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமத்தை ஸ்தாபித்தார். எந்த யந்திரம் கிராமத்துக்குத் தகும், எது தகாது என்ற பரீட்சையை ஆயுள் முழுவதும் செய்து பார்ப்பதற்கு ஒரு ஸ்தலம் அவருக்கு அப்படிக் கிடைத்தது. நேரு வேறு விதமான வாசகர். 1945 அக்டோபர் 5-ம் தேதி, ஹிந்த் ஸ்வராஜில் சொன்ன ராஜ்ய முறையில் தமக்கு இன்னும் நம்பிக்கை குலையவில்லை என்று காந்தி எழுதிய கடிதத்துக்கு, 9-ம் தேதி அவர் மறுமொழி எழுதினார்: இருபது வருஷங்களுக்கு முன்பு படித்தபோதே அந்த நூல் யதார்த்தத்துக்குப் புறம்பானதாகத் தமக்குப் பட்டது என்று. இந்த இரு வாசகர்களில், நேருவின் மறுப்பு தேசத்துக்கு அணைகளையும் உருக்காலைகளையும் தந்தது. அதை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் வாசகனுடைய தர்மத்தில் ராமச்சந்திரனே மேலானவர் என்பேன். ஒரு முறை படித்து ஒதுக்கி வைப்பதற்கும், கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருப்பதற்கும் உள்ள தாரதம்மியம் பெரிது.

அவர் விட்ட இடத்திலிருந்து நானும் கேட்க விரும்புகிறேன். முதலாவதாக, ஐஸக் சிங்கர் அன்பினால் தையல் யந்திரத்தைச் செய்தார் என்பதைச் சரித்திரம் ஆதரிக்கவில்லை. அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. 1851-ல் அவர் பெற்ற பேடண்டுக்கு முன்பே, 1846-ல், எலியாஸ் ஹோவ் தையல் யந்திரத்துக்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். இருவருக்கும் வழக்கு நடந்தது. கடைசியில் கம்பெனிகள் பேடண்டுகளைச் சேர்த்து வைத்துக் கொண்டு வியாபாரம் செய்தன. தவணை முறையில் யந்திரம் விற்கும் வழியைப் பரப்பிப் பெரும் பொருள் ஈட்டியது சிங்கர் கம்பெனி. பேராசையினால் பிறந்த யந்திரமும் அன்பின் காரியத்தைச் செய்ய முடிகிறது என்பதே இதிலிருந்து தெரியும் உண்மை. ஆகவே, கண்டுபிடித்தவனுடைய நோக்கத்தை வைத்து யந்திரத்தை நிறுப்பதற்கில்லை.

நம் ஊர்களில் இது அன்பின் காரியம் செய்ததை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். வார்ப்பிரும்புக் கால்மிதியும், பெரிய சக்கரமும், அதிலிருந்து மேலே ஏறும் தோல் வாரும், கறுப்பு மேனியில் பொன்னெழுத்துமாகத் திண்ணையோரத்தில் நின்ற அந்த யந்திரத்தை வைத்துக்கொண்டு, கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் குழந்தைகளை ஆளாக்கினார்கள். குழந்தை அழுதால் காலை எடுப்பாள், சக்கரம் நிற்கும். பாபினில் நூல் தீர்ந்தால் நிதானமாகச் சுற்றிப் போடுவாள். அவளுடைய காலின் கதிக்கு யந்திரம் இணங்கி நடந்தது. காந்தி விலக்களித்தது இந்த யந்திரத்துக்குத்தான். அந்த விலக்கு முற்றிலும் நியாயமானது.

திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனி ஒன்றின் தையல் கூடத்துக்குள் போனால், அதே ஊசி, அதே நூல். வரிசை வரிசையாகப் பவர் மெஷின்கள். ஒருத்தி தோளை மட்டும் இணைக்கிறாள், அடுத்தவள் கையை மட்டும் இணைக்கிறாள், அதற்கடுத்தவள் கழுத்துப் பட்டியை மட்டும் ஓட்டுகிறாள். மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் உண்டு. முழுச் சட்டை எதையும் அவர்களில் யாரும் தைப்பதில்லை. கால்மிதியின் இடத்தில் மோட்டார் வந்துவிட்டது. கதியை நிர்ணயிப்பது அவளுடைய கால் அல்ல. ஆயினும் அவளுக்கு மாதச் சம்பளம் உண்டு. கிராமத்தில் அடங்கிக் கிடந்திருக்க வேண்டியவள் பஸ் ஏறி வந்து தன் காசைத் தானே எண்ணுகிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராமச்சந்திரன் கேட்டது சிங்கர் யந்திரத்தைச் செய்யும் தொழிற்சாலையைப் பற்றி. அதற்குக் காந்தி விடை சொன்னார். சிங்கரின் வம்சத்து யந்திரங்களையே நூற்றுக்கணக்கில் நிறுத்தி நடத்தும் தொழிற்சாலையைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. விலக்குப் பெற்ற யந்திரம் ஒன்று, தான் ஒன்றாயிருக்கும்போது ஒரு பெண்ணுக்கு ஊழியம் செய்து, இருநூறாய்ச் சேர்ந்தவுடன் அவளைத் தனக்கு ஊழியம் செய்ய வைக்குமானால், விலக்கை எந்த எண்ணிக்கையில் நிறுத்துவது? அந்தத் தையல் கூடத்தில் தோளை மட்டும் இணைக்கிறவள் ஹிந்த் ஸ்வராஜைப் படித்துவிட்டு இதற்கு என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகுந்த ஆவல். அவளிடம்தான் கேட்க வேண்டும்.